தகர விசிலும் தகப்பன்சாமியும்

குரு இல்லாமல் வித்தை வராது என்பது நம் பெரியவர்களுடைய கொள்கை. வரும் என்பது கைபேசியின் கொள்கை. சமையல், தையல், தோட்ட வேலை, குழாய் ரிப்பேர், வீணை, யோகாசனம் ஆகிய எதைக் கற்றுக்கொள்ள விரும்பினாலும், வீடியோவில் ஒருவர் தயாராகக் காத்திருக்கிறார். அவர் சம்பளம் கேட்பதில்லை. காதைத் திருகுவதில்லை. "நேற்றுச் சொன்னது இன்றைக்கு மறந்துபோய்விட்டதா?" என்று உறுமுவதில்லை. நடுநிசியில் தட்டி எழுப்பினாலும் சிரித்த முகத்துடன் முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறார். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் காலட்சேபம் செய்துவரும் என்னைப் போன்றவனுக்கு, இப்பேர்ப்பட்ட போட்டியாளரைக் கண்டு கொஞ்சம் கலக்கம் உண்டாவது இயற்கைதான்.

கலக்கத்தோடு நின்றுவிடாமல், இந்த வீடியோ உபாத்தியாயரின் சாமர்த்தியத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கவும் எனக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. 2024-ம் வருஷத்துக் கோடை விடுமுறையில், அயர்லாந்து தேசத்தின் தலைநகரான டப்ளினில் என் தங்கை வீட்டில் ஐந்து வாரம் தங்கியிருந்தேன். அப்போது அந்த வீட்டில் ஒரே வாத்தியத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, ஒன்பது வயதான என் மருமகள்; அவளுக்குப் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் பாடம். இன்னொருவர், அவளைப் பெற்ற மாப்பிள்ளை. அவருக்கு வீடியோவில் பாடம். வேண்டுமென்றே ஏற்பாடு செய்திருந்தால்கூட இவ்வளவு ஒழுங்கான பரீட்சை அமைந்திருக்காது.

வாத்தியத்தின் பெயர் டின் விசில். தமிழில் தகர விசில் என்று சொல்லலாம். ஆனால் பெயரைக் கேட்டு ரெயில்வே கார்டு ஊதுகிற விசிலை நேயர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சுமார் ஓர் அடி நீளமுள்ள குழல். மேல் பக்கத்தில் ஆறு துவாரங்கள். ஒரு முனையில் ஊதுவாய். 1843-ம் வருஷத்தில் ராபர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேயர் தகரத் தகட்டை உருட்டி இதைச் செய்து மலிவான விலைக்கு விற்க ஆரம்பித்தார். இங்கிலாந்தில் பிறந்த வாத்தியம் அயர்லாந்தில்தான் அமோகமாக வாழ்ந்தது. இன்றைக்கும் அந்த நாட்டு ஆரம்பப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் குழந்தைகள் முதன்முதலில் கையில் எடுக்கும் வாத்தியம் இதுவே. பத்துப் பதினைந்து யூரோ கொடுத்தால் நல்லதாக ஒன்று கிடைத்துவிடும். அங்கே அது இரண்டு பேர் ஹோட்டலில் சிற்றுண்டி சாப்பிடுவதற்குக்கூடப் போதாத பணம்.

நம்முடைய புல்லாங்குழலில் நாதத்தை வரவழைப்பதற்கே பலருக்கு வாரக்கணக்கில் ஆகிறது. உதட்டைக் குவித்துக் காற்றைத் துவாரத்தின் விளிம்பில் சரியாகச் செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் வெறும் காற்றுத்தான் வரும். தகர விசிலில் அந்தச் சங்கடம் இல்லை. காற்றுப் போகும் வழி ஊதுவாயிலேயே அமைந்திருக்கிறது; யார் ஊதினாலும் சத்தம் வரும். ஆறு துவாரங்களையும் மூடிக்கொண்டு ஊதி, அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனால், நம் தீரசங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும் வரிசையாக வந்து நிற்கும். இரண்டாவது ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் கரகரப்பிரியா. ஐரிஷ்காரர்களின் நாட்டுப்புற மெட்டுக்களில் கணிசமான பகுதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே அவற்றைக் கேட்கும்போது நம் காதுக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

யார் ஊதினாலும் சத்தம் வரும் என்றேனல்லவா? அதுதான் இந்த வாத்தியத்தின் பெருமை. அந்த வீட்டில் குடியிருந்தவர்களின் கஷ்டமும் அதுவேதான்.

*

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருப்பவர், நல்ல புத்திசாலி. சமையலறைக் குழாய் ஒழுகியபோது, வீடியோவைப் பார்த்துத் தாமே கழற்றி, வளையத்தை மாற்றி, சரி செய்துவிட்டார். அந்த ஊரில் குழாய் ரிப்பேர்க்காரரை வீட்டுக்கு அழைப்பது சாமானியச் செலவு அல்ல. அன்று முதல் வீடியோவின்மேல் அவருக்கு அசாத்திய பக்தி ஏற்பட்டுவிட்டது.

"மச்சான், இந்தக் காலத்திலே வாத்தியார் எதற்கு? எல்லாம் இதிலேயே இருக்கிறது" என்று என்னிடம் கைபேசியைக் காட்டினார். அப்புறம் என் தொழில் ஞாபகத்துக்கு வந்தது போலிருக்கிறது. "உங்களைச் சொல்லவில்லை" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

வீடியோவினால் அவருக்கு லாபமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. லாபம் நிறைய உண்டு. விரல் நுனியால் துவாரத்தைக் குத்தக்கூடாது, விரலின் சதைப்பற்றான பகுதியால் மெல்ல மூட வேண்டும் என்பதை, ஒரு பக்கம் எழுதி விளக்குவதைவிட ஒரு நிமிஷப் படம் தெளிவாகக் காட்டிவிடுகிறது. இடது கை மேலே, வலது கை கீழே என்பதும் அப்படியே. கூச்சப்படுகிறவர்களுக்கு வீடியோ ஒரு வரப்பிரசாதம். நாற்பது வயது மனிதர் ஒருவர், சின்னஞ்சிறு குழந்தைகள் நடுவில் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு "கீச்" என்று ஊதுவதற்கு மனம் துணிவாரா? அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவின் முன்னால் தாராளமாக ஊதலாம். இவற்றையெல்லாம்விடப் பெரிய சௌகரியம் வேகத்தைக் குறைக்க முடிவது. சுருதி மாறாமல், பாதி வேகத்தில், கால் வேகத்தில்கூடத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். எந்த மகா வித்வானும் ஒரே சங்கதியை ஐம்பது தடவை அலுக்காமல் வாசித்துக் காட்ட மாட்டார். வீடியோ வித்வான் காட்டுகிறார்.

இவ்வளவு இருந்தும், மூன்று வாரத்துக்குப் பிறகு மாப்பிள்ளையின் நிலைமை விசித்திரமாக இருந்தது. பன்னிரண்டு மெட்டுக்களுக்கு விரல் போகும் வழி அவருக்குத் தெரியும். விசிலின் சரித்திரம் தெரியும். எந்தக் கம்பெனி விசில் உசத்தி என்பது தெரியும். ஒரு போதகர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் தட்டி ஊது என்கிறார், இன்னொருவர் நாக்கை அதிகமாக உபயோகிக்காதே என்கிறார் என்பதும், அந்த வாதப் பிரதிவாதங்களும் மனப்பாடம். ஆனால் அவர் வாசிக்கும்போது, அடி ஸ்வரத்துக்கு இறங்குகிற ஒவ்வொரு தடவையும் குழல் கீச்சிட்டு மேல் ஸ்தாயிக்குத் தாவியது. அந்த நேரங்களில் தங்கை சமையலறையில் மிக்ஸியை ஓட விட்டுவிடுவாள். அரைப்பதற்கு ஏதாவது இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

அவர் செய்யாத பிரயத்தனம் இல்லை. அதே பாடத்தை மறுபடி போட்டுப் பார்த்தார். படத்தில் போதகரின் கடைசி விரல் எங்கே விழுகிறது என்று உற்றுக் கவனித்தார். தம்முடைய கடைசி விரலை அதே மாதிரி அழுத்தினார். குழல் இன்னும் பலமாகக் கத்தியது.

ஒரு நாள் சாயங்காலம் மருமகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "அப்பா, ஒழுகுகிறது!" என்றாள்.

"எது? குழாயா?" என்றார் மாப்பிள்ளை.

குழந்தை எழுந்து வந்தாள். அப்பாவை அடி ஸ்வரத்தை ஊதச் சொன்னாள். அவருடைய இடது கை மோதிர விரலின்மேல் தன் விரலை வைத்து லேசாக அமுக்கினாள். கீச்சு நின்றது, தடித்த, இனிமையான நாதம் வந்தது. "இப்போ மெள்ள ஊதுங்க. கோபமா ஊதக்கூடாது" என்றாள்.

விஷயம் இதுதான். ஆறாவது துவாரத்தை மூடுவதற்காக வலது கை எட்டி நீளும்போது, மேலே இடது கையின் மூன்றாவது விரல் தன்னை அறியாமல் ஒரு மயிரிழை நகர்ந்துவிடுகிறது. காற்று அங்கேதான் கசிகிறது. கற்றுக்கொள்கிறவரோ கடைசியாக வைத்த விரல்மேல்தான் குற்றம் சுமத்துகிறார். அத்துடன், ஸ்வரம் வரவில்லையே என்று இன்னும் பலமாக ஊதுகிறார். விசிலில் கீழ் ஸ்வரங்களுக்கு மென்மையான மூச்சு வேண்டும்; பலமாக ஊதினால் அது மேல் ஸ்தாயிக்கு ஓடிவிடும். ஆக, வியாதி ஓரிடம், மருந்து வேறிடம், அந்த மருந்தும் வியாதியை வளர்க்கும் மருந்து!

பிரணவத்தின் பொருளைத் தந்தைக்கே உபதேசித்த சுவாமிமலைத் தகப்பன்சாமியின் கதை, டப்ளின் நகரத்தில் ஓர் அடுக்கு வீட்டு வரவேற்பறையில் மறுபடியும் நடந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். தங்கை மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

*

குழாய் ரிப்பேரில் ஜெயித்த வீடியோ குழல் விஷயத்தில் ஏன் தோற்றது? இதை நான் பல நாள் யோசித்தேன். குழாய் சரியாகிவிட்டதா இல்லையா என்பதைக் குழாயே சொல்லிவிடுகிறது. சொட்டுகிறதா, சொட்டவில்லையா? கண் உள்ள எவருக்கும் தெரியும். சோறு வெந்ததா, சட்டை உடம்புக்குச் சேர்ந்ததா என்பவையும் அதே ஜாதி. இந்த வித்தைகளில் வேலையே பரீட்சை அதிகாரியாகவும் இருக்கிறது. செய்து காட்ட ஒருவர் இருந்தால் போதும்.

சங்கீதம் அப்படியல்ல. இங்கே தப்பைக் கண்டுபிடிக்க வேண்டியது காது. அந்தக் காதுதான் ஆரம்ப மாணவனிடம் இன்னும் தயாராகவில்லை. ஏதோ சரியாக இல்லை என்பது அவனுக்குத் தெரியும். எங்கே, ஏன் என்பது தெரியாது. அந்தக் காது எவனிடம் முதிர்ந்துவிட்டதோ, அவன் ஆரம்ப மாணவனே அல்ல.

விசிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. காமிராவுக்கு விரல்கள் தெரிகின்றன. மூச்சும் நாக்கும் தெரிவதில்லை. இந்த வாத்தியத்திலோ விரல் வித்தை சுலபமான பாதி. மூச்சும் நாக்கும்தான் கஷ்டமான பாதி. எவ்வளவு மென்மையாக ஊத வேண்டும், எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், எங்கே நாக்கால் தொட வேண்டும் என்பவையெல்லாம் உதட்டுக்குப் பின்னால் மறைவாக நடக்கின்றன. எத்தனை உயர்ந்த காமிராவும் அங்கே நுழைய முடியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்டால், சத்தத்தைக் கொண்டே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவார்.

ஏகலைவன் மண்ணால் ஒரு துரோணரைச் செய்து வைத்துக்கொண்டு வில்வித்தை கற்றான். வீடியோவின் கட்சிக்காரர்கள் அவனைச் சாட்சிக்கு அழைக்கக்கூடும். ஆனால் அவன் கற்றது அம்பு விடுவது. குறி தப்பினால் மரமே சொல்லிவிடும். குழல் ஊதக் கற்றுக்கொள்ள அந்த மண் பொம்மை அவனுக்கு எவ்வளவு தூரம் உதவியிருக்கும் என்பது வேறு கேள்வி.

*

இதனால் பள்ளிக்கூடம் ஜெயித்தது, வீடியோ தோற்றது என்று நான் தீர்ப்புச் சொல்வதாக நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. மருமகளின் வகுப்பில் ஏறக்குறைய முப்பது குழந்தைகள். முப்பது விசில்களும் ஒரே சமயத்தில் முழங்கினால் எந்த டீச்சர்தான் எந்தக் குழந்தையின் விரலைப் பார்ப்பார்? நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது ஒன்றிரண்டு பேர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பதில்லையா? அங்கேயும் அப்படித்தான்.

ஐரிஷ் சங்கீதத்தில் ‘கட்’ என்று ஓர் அலங்காரம் உண்டு. ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தால், நடுவில் மேல் விரல் ஒன்றைக் கண் சிமிட்டும் நேரத்தில் தூக்கி மூடி, இரண்டையும் பிரித்துக் காட்டுவது. அது தனி ஸ்வரமாகக் காதில் விழக்கூடாது. நம் கமகத்தைப் போல, இதையும் காகிதத்தில் எழுதிக் காட்டுவது கடினம். மருமகளுக்கு இது பிடிபடவே இல்லை. அப்பாவின் வீடியோவில் கால் வேகத்தில் அதைப் பார்த்தாள். விரல் எவ்வளவு கொஞ்சமாக எழும்புகிறது என்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டாள். மறு நாள் டீச்சரிடம் வாசித்துக் காட்டித் திருத்திக்கொண்டு வந்தாள்.

கவனித்தீர்களா? வீடியோவினால் தகப்பனைவிட மகளே அதிகப் பயன் அடைந்தாள். அவள் பார்த்ததைச் சரியாகச் செய்தாளா என்று கேட்டுச் சொல்ல ஒருவர் இருந்தார். அவருக்கு அதுவரை அப்படி யாரும் இல்லை.

இயந்திரம் சங்கீதம் கற்பிப்பது அந்தத் தேசத்துக்குப் புதிதும் அல்ல. சிகாகோ நகரத்தில் போலீஸ் தலைமை அதிகாரியாக இருந்த பிரான்ஸிஸ் ஓ'நீல் என்ற ஐரிஷ்காரர், தம் ஜனங்களின் மெட்டுக்களைத் தேடித் திரட்டினார். 1907-ல் அவர் வெளியிட்ட புத்தகம் ஒன்றில் 1001 நடன மெட்டுக்கள் அடங்கியிருக்கின்றன. அவருக்கு அபாரமான காது. ஆனால் ஸ்வரம் எழுதத் தெரியாது. கேட்டதை எழுதித் தந்தவர் ஜேம்ஸ் ஓ'நீல் என்ற இன்னொரு போலீஸ்காரர். அந்தப் புத்தகம் மெட்டுக்களைக் காப்பாற்றிற்று. ஆனால் அதைப் பார்த்து மட்டும் வாசிப்பவனுடைய வாசிப்பில் ஐரிஷ் வாசனை வருவதில்லை.

புத்தகத்துக்குப் பிறகு இசைத்தட்டு வந்தது. ஸ்லைகோ பிரதேசத்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய மைக்கேல் கோல்மன் என்ற பிடில் வித்வான் (1891-1945), 1921 முதல் 1936 வரையில் நியூயார்க்கில் இசைத்தட்டுக்கள் கொடுத்தார். அவை கடல் கடந்து அயர்லாந்துக்கே திரும்பிவந்தன. கிராமபோன் இருந்த வீட்டில் கூடி, ஊரார் அவற்றைக் கேட்டுப் பாடம் பண்ணினார்கள். பலர் வித்வான்கள் ஆனார்கள். ஆனால் அவர்கள் வெறுமையான மனசோடு தட்டின் முன்னால் உட்காரவில்லை. தகப்பனோ மாமனோ அண்டை வீட்டுக்காரரோ வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள். தப்பாக வாசித்தால் அந்த வீட்டிலேயே சொல்லுவதற்கு ஆள் இருந்தது. இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது: ஸ்லைகோ பாணி நாடெங்கும் பரவப் பரவ, மற்றப் பிரதேசங்களின் தனிப் பாணிகள் பல மங்கின.

இன்றைய வீடியோவுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கிளேர் பிரதேசத்தில் டூலின் என்ற சிறு ஊரில் வாழ்ந்த மிக்கோ ரஸ்ஸல் (1915-1994) செவி வழியாகக் கற்ற விசில் வித்வான். அவருடைய வாசிப்பு எளிமையானது. ஆனால் இரண்டு நிமிஷம் கேட்டால் இது இன்னாருடையது என்று தெரிந்துவிடும். உலகம் முழுவதும் பத்துப் போதகர்களின் வீடியோவையே பார்த்துப் பழகினால், அப்படி ஒரு தனிக் குரல் இனி எங்கிருந்து முளைக்கும்?

அதே கிளேரில் மில்டவுன் மால்பே என்னும் ஊரில், வில்லி கிளான்ஸி என்ற குழல் வித்வானின் பெயரால் 1973 முதல் ஜூலை மாதத்தில் கோடைப் பள்ளி நடந்துவருகிறது. காலையில் வகுப்பு, இரவில் எங்கு பார்த்தாலும் கூட்டு வாசிப்பு. வீடியோ வேண்டிய மட்டும் கிடைக்கும் இந்தக் காலத்திலும், வெளிநாடுகளிலிருந்து ஜனங்கள் பணம் செலவழித்து அங்கே போகிறார்கள். ஒரு வித்வானின் வாசிப்பைக் கேட்பதற்கு மட்டுமானால், அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லையே! தங்கள் வாசிப்பை ஒருவர் கேட்க வேண்டும் என்பதற்காகவும்தான் போகிறார்கள்.

*

நம் பாஷையில் ‘கேள்வி ஞானம்’ என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. மாணவனுக்கு அது வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். உபாத்தியாயருக்கும் ஒரு கேள்வி ஞானம் வேண்டும். மாணவன் ஊதுவதை, ஒப்பிப்பதை, தட்டுத் தடுமாறி விளக்குவதைக் கேட்டு, எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கும் ஞானம்.

2020-ம் வருஷத்தில் கொள்ளைநோயினால் பள்ளிக்கூடங்கள் மூடியபோது, நானும் மாதக்கணக்கில் கைபேசியின் முன்னால் நின்று பாடம் நடத்தினேன். கரும்பலகையில் எழுதியது தெளிவாகத்தான் தெரிந்தது. குரலும் கேட்டது. ஆனால் அந்தப் பக்கம் மௌனம். சாதாரண வகுப்பில், பின்னத்தைக் கூட்டும்போது மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டுகிற பையனை, அவன் முகத்தையும் பென்சில் போகும் போக்கையும் பார்த்தே பிடித்துவிடலாம். அந்த மாதங்களில் அது முடியவில்லை. வீட்டில் அக்காவோ தாயாரோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட குழந்தைகள் திரும்பி வந்தபோது பாடத்தோடு வந்தார்கள். கேட்பாரற்ற குழந்தைகளில் பலர் அதே பின்னத்தில்தான் நின்றார்கள். அவர்களும் அதே பாடத்தைத்தான் பார்த்திருந்தார்கள்.

ஆகையால் விசில் கற்க விரும்பும் அன்பர்களுக்கு, ஐந்து வாரம் காது கொடுத்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள் சொல்கிறேன். வீடியோவைத் தாராளமாகப் பாருங்கள். ஆனால் ஒரே போதகரைப் பிடித்துக்கொண்டு அவரோடு ஆறு மாதம் இருங்கள். ஒரு மெட்டை விரலில் ஏற்றுவதற்கு முன்னால், வாய்க்குள் முணுமுணுக்க வரும் வரையில் கேளுங்கள். நீங்கள் வாசிப்பதை அந்தக் கைபேசியிலேயே பதிவு செய்து, மறு நாள் கேளுங்கள். வாசிக்கும்போது காதில் விழாத பல குற்றங்கள் அப்போது விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதினைந்து நாளைக்கு ஒரு தரமாவது, தெரிந்த ஒருவர் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவர் வித்வானாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களைவிட ஒரு படி முன்னால் இருந்தால் போதும். ஒன்பது வயதானாலும் பாதகமில்லை.

என் சக உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுதிப் போடுவதும், விளக்கிக் காட்டுவதும், ஐம்பது தடவை திருப்பிச் சொல்வதும் வீடியோவுக்கு நம்மைவிட நன்றாக வருமானால், அவற்றை அதனிடம் விட்டுவிடுவதில் நமக்கு நஷ்டம் இல்லை. மிச்சமாகும் நேரத்தில் பெஞ்சு பெஞ்சாகப் போய் உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் உபாத்தியாயர் இல்லாத பள்ளிக்கூடத்தில் ஒரு திரையை மாட்டிவிட்டால் குறை தீர்ந்தது என்று யாராவது சொன்னால், அதை மட்டும் ஒப்புக்கொள்ளக் கூடாது. அந்தத் திரைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, தன் குழலில் எங்கே காற்றுக் கசிகிறது என்று தெரியாமல், மேலும் மேலும் பலமாக ஊதிக்கொண்டிருக்கும்.